10 ஏக்கரில் கலப்புப் பயன்பாட்டுத் திட்டம்: மழைநீர் எங்கே போகும், வண்டிகள் எங்கே போகும்?

கேள்வி: 2024 செப்டம்பர் 7

பெரும்பாக்கத்திற்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையில், எங்கள் தெருவின் பின்புறம் சுமார் 10 ஏக்கர் தரிசு நிலம் இருக்கிறது. அதில் 700 வீடுகள், இரண்டு அலுவலகக் கட்டடங்கள், சாலையை ஒட்டிக் கடைகள் என்று ஒரு திட்டம் வரப்போகிறது. மழைநீர் வடிகாலுக்கு ஓர் அறிக்கையும் போக்குவரத்துக்கு ஓர் அறிக்கையும் தனித்தனியாகத் தயாராகியுள்ளன. மனையில் பெய்யும் மழை மனைக்குள்ளேயே கையாளப்படும் என்கிறது முதலாவது. இப்போதுள்ள 40 அடிச் சாலையே போதும் என்கிறது இரண்டாவது. இவற்றில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

2024 செப்டம்பர் 8

இரண்டு அறிக்கைகளையும் அருகருகே விரித்து வைத்து, இரண்டிலும் ஒரே ஓர் எண்ணைத் தேடுங்கள்: அந்த 40 அடிச் சாலையின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது. வடிகால் வரைபடத்தில் அது இருக்கும். போக்குவரத்து வரைபடத்தில் அகலம் இருக்கும், வளைவுகளும் அம்புக்குறிகளும் இருக்கும், உயரம் இருக்காது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மழைநீர் வடிகால் வடிவமைத்து வருகிறேன். ஒரே மனைக்கு வடிகால் கணக்குப் போட்டவரும் போக்குவரத்துக் கணக்குப் போட்டவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். சாலையின் மட்டத்தை ஒருவர் முடிவு செய்கிறார். அந்த மட்டத்தால் தண்ணீர் எந்த வீட்டுப் பக்கம் திரும்பும் என்பதை இன்னொருவர் பிறகு கண்டுபிடிக்கிறார்.

முதலில் மழைக்கணக்கு. 10 ஏக்கர் என்பது ஏறத்தாழ 40,000 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 70 மில்லிமீட்டர் மழை பெய்வதாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். மண்ணும் புல்லுமாகக் கிடக்கும் நிலத்திலிருந்து அதில் பத்தில் மூன்று பங்கு வழிந்தோடும். கூரை, கான்கிரீட், தார் என்று மூடிய பிறகு பத்தில் எட்டுப் பங்கு ஓடும். வேறுபாடு, பெய்த மழையில் சரிபாதி, அதாவது 1,400 கன மீட்டர். லிட்டரில் 14 லட்சம். இந்த 14 லட்சம் லிட்டரை எங்கே பிடித்து வைப்பார்கள், எத்தனை மணி நேரத்தில் எந்த வழியாக விடுவார்கள் என்பதை அறிக்கை எண்களால் சொல்ல வேண்டும். "கையாளப்படும்" என்ற சொல் விடை ஆகாது.

2024 செப்டம்பர் 8, இரவு

வண்டிக் கணக்கெடுப்பு எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். மே மாதம் என்றால் பள்ளி, கல்லூரி வண்டிகள் அதில் இல்லை. மழைக்காலத்தில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

2024 செப்டம்பர் 11

மனையின் வடிகாலை ஊர் வடிகாலுடன் இணைத்துவிட்டால் தண்ணீர் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே போகும் என்று கடைசி வரை நடந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

உங்கள் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேர்ந்தது. பழைய ஆட்கள் அதைக் கழுவெளி என்பார்கள். வடமேற்கே கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து கழுவெளிக்கும் நீர் வரும். தெற்கே ஒட்டியம்பாக்கம், அரசன்கழனி, சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் ஏரிகள் நிரம்பிக் கலங்கலில் வழியும் உபரி நீரும் அதே பள்ளத்தை நோக்கியே வரும். இத்தனை ஏரிகளின் நீரும் வெளியேறுவதற்கு உள்ள முதன்மையான வாய் ஒக்கியம் மடுவு. அதைக் கடந்து தெற்கு பக்கிங்காம் கால்வாய். சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் ஓரமாக இறங்கி முட்டுக்காடு. அதன் பிறகே கடல். எஞ்சியிருக்கும் சதுப்பில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. முன்பு இதைப் போலப் பல மடங்கு பரப்பு நீர் பிடித்து நின்றது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பக்கிங்காம் கால்வாய் வடிகாலாக வெட்டப்பட்டதும் அன்று. 19-ஆம் நூற்றாண்டில் சரக்குப் படகுகள் செல்வதற்காக வெட்டிய நீர்வழி அது. படகுக்குச் சமமட்டம் வேண்டும், வடிகாலுக்குச் சரிவு வேண்டும். சரிவே இல்லாத அந்தக் கால்வாயில், கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் மேலிருந்து வரும் நீர் நின்றுவிடுகிறது. ஆகவே உங்கள் பின்புற மனையிலிருந்து எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும், அந்தக் குழாயின் வேகத்தை முடிவு செய்வது அதன் விட்டம் அன்று. மறுமுனையில் அன்றைக்கு நிற்கும் நீரின் உயரம். மழை உச்சத்தில் இருக்கும்போது ஒருவழிக் கதவு இல்லாத குழாய் எதிர்த்திசையில் ஓடும். அறிக்கையில் கேட்க வேண்டியது, வெளியேறும் இடத்தின் நீர்மட்டமாக எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான். வடிகால் காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு முழுவதும் கோடைக்காலத்திற்கு உரியது.

2024 செப்டம்பர் 15

8-ஆம் தேதி எழுதியதை நான் திருத்த வேண்டும்.

நிலம் இப்போது சாலையைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்திருக்கிறது என்றும், 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் அதில் முழங்கால் அளவு நீர் பல நாட்கள் நின்றது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். முழங்கால் அளவு என்றால் அரை மீட்டர். 40,000 சதுர மீட்டரில் அரை மீட்டர் நின்றால் 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர். கட்டடங்களால் கூடுதலாக வழிந்தோடும் 14 லட்சம் லிட்டரைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் தரிசு நிலம் இத்தனை ஆண்டுகளாகத் தன்மேல் தாங்கி நின்றது அதைப்போல 14 மடங்கு நீரை. மனையைச் சாலைக்கு மேலே உயர்த்திய அன்றே அந்த 2 கோடி லிட்டருக்கு இடம் இல்லாமல் போகிறது. அடுத்த மழையில் அது உங்கள் தெருவுக்கு வரும். மனைக்குள் மட்டும் ஒரு சொட்டும் நிற்காது. "எங்கள் மனையில் நீர் தேங்காது" என்று அவர்கள் அப்போது சொல்வது உண்மையாகவே இருக்கும்.

இதிலேயே போக்குவரத்தும் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திற்கு மண் கொட்ட 60,000 கன மீட்டர் மண் வேண்டும். ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் ஏற்றி வரும் என்றால் 6,000 நடை. காலியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 12,000 முறை உங்கள் 40 அடிச் சாலையில் கனரக வண்டி ஓடும். சாலையோர வடிகாலின் மேல்மூடிகள் உடைவது அந்தக் கட்டத்தில்தான். உடைந்த மூடியும் விழுந்த மண்ணும் வடிகாலுக்குள்ளேயே கிடக்கும். முதல் குடும்பம் குடியேறுவதற்கு முன்பே ஊர் வடிகாலின் கொள்ளளவு குறைந்துவிடும். போக்குவரத்து அறிக்கை, குடியேறிய பிறகு வரும் கார்களை மட்டும் எண்ணுகிறது.

மாற்று இல்லாமல் இல்லை. மனை முழுவதையும் உயர்த்த வேண்டிய தேவை எதுவும் கிடையாது. கட்டடம் நிற்கும் இடத்தையும் அதை அடையும் வழியையும் மட்டும் உயர்த்திவிட்டு, விளையாட்டுத் திடல், தோட்டம், உள்சாலை ஓரங்கள் ஆகியவற்றைப் பழைய மட்டத்திலேயே விடலாம். 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கித் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். வழக்கமாக மனையில் விற்பனைக்கு உதவாத மூலையை அதற்கு ஒதுக்குவார்கள். அதை மிகத் தாழ்ந்த மூலையில், மண் கொட்டாமல் தரச் சொல்லுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழம் என்றால் 4,000 கன மீட்டர். இழக்கும் 20,000-இல் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2024 செப்டம்பர் 22

மழைநீர் சேகரிப்புக் குழிகள் நாற்பது வைப்பதாக வரைபடத்தில் இருக்கிறது என்கிறீர்கள். 2003-இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பாங்கில் அதன் பலனைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் சதுப்பின் ஓரத்துக் களிமண்ணில், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும்போது, குழியை வெட்டினாலே அது நிரம்பியிருக்கும். நிரம்பிய குழிக்குள் மழை இறங்காது. குழிகளின் எண்ணிக்கையைக் கேட்காமல், நவம்பர் மாதத்தில் எடுத்த மண் உறிஞ்சும் சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

14 லட்சம் லிட்டருக்கு நிலத்தடித் தொட்டி கட்டுவது செய்யக்கூடியதே. அதை 24 மணி நேரத்தில் காலி செய்ய விநாடிக்கு 16 லிட்டர் விட்டால் போதும். 4 அங்குலக் குழாய் ஒன்று அதைச் செய்யும். ஆனால் அதே தொட்டியைக் குடியிருப்பின் தண்ணீர்த் தேவைக்கும் நிரப்பி வைப்பதாக எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். மழையைப் பிடிக்கும் தொட்டி, மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டும். குடிக்கக் கொடுக்கும் தொட்டி எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தொட்டியாக இருக்க முடியாது.

2024 அக்டோபர் 6

இப்போது சாலை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 106-ஆம் வழிகாட்டி நகரச் சாலைகளின் கொள்ளளவைக் கார் அலகில் சொல்கிறது, அதாவது எல்லா வண்டிகளையும் கார்களின் எண்ணிக்கையாக மாற்றி. இருவழியாக ஓடும் இரண்டு தடச் சாலையில், வீட்டு வாசல்களும் நிறுத்திய வண்டிகளும் இல்லாவிட்டால் மணிக்கு 1,500. வாசல்கள் திறந்திருந்து, வண்டிகள் நிறுத்தப்படாமல் இருந்தால் 1,200. வாசலும் உண்டு, வண்டியும் நிற்கும், குறுக்கே செல்லும் வண்டிகளும் அதிகம் என்றால் 900. தாரின் அகலம் மூன்றிலும் ஒன்றுதான். உங்கள் அறிக்கை எந்த எண்ணை எடுத்திருக்கிறது என்று பாருங்கள். சாலையை ஒட்டிக் கடை வரிசை என்று திட்டத்திலேயே இருக்கும்போது, 1,500 என்று எடுப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

கலப்புப் பயன்பாட்டின் நன்மையை நான் மறுக்கவில்லை. காலையில் வீடுகளிலிருந்து வெளியேறும் வண்டியும் அலுவலகத்திற்கு உள்ளே வரும் வண்டியும் எதிரெதிர்த் திசையில் செல்வதால் சாலையின் இரு பக்கமும் பயன்படும். பகலில் அலுவலகத்தார் நிறுத்தும் இடத்தை மாலையில் கடைக்கு வருபவர் பயன்படுத்தலாம். பால் வாங்க வண்டி எடுக்க வேண்டியதில்லை. நல்ல கலப்புத் திட்டம் வண்டி ஓட்டத்தை உண்மையாகவே குறைக்கும்.

ஆனால் யாரும் எண்ணாத வண்டி ஒன்று இருக்கிறது: தண்ணீர் லாரி. 700 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 3,78,000 லிட்டர். கழிப்பறைக்குரிய 45 லிட்டரைச் சுத்திகரித்த நீரால் ஈடு செய்தாலும் 2,52,000 லிட்டர் வெளியிலிருந்து வர வேண்டும். குழாய் இணைப்பு வரும்வரை 12,000 லிட்டர் லாரிகள் நாளுக்கு 21. போக வர 42 நடை. கழிவுநீர் லாரி தனி. பழைய மகாபலிபுரம் சாலைப் (ஓ.எம்.ஆர்.) பகுதியில் குடியிருக்கும் எவருக்கும் இது தெரியும். போக்குவரத்து அறிக்கைகளில் மட்டும் இதைக் காண முடிவதில்லை.

மூன்று நாட்களுக்கு முன் மெட்ரோ இரண்டாம் கட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. 118.9 கிலோமீட்டர் கொண்ட அந்தக் கட்டத்தில், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் ஐந்தாம் வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகவே வருகிறது. மெட்ரோ வருவதால் கார்கள் குறையும் என்று அறிக்கை சொன்னால், மனையின் வாசலிலிருந்து நிலையம் வரை நடைபாதை எங்கே என்று கேளுங்கள். நடைபாதைகளுக்கான சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி கேட்பது தடையில்லாத 1.8 மீட்டர் அகலம். நம் ஊரில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். வடிகாலின் மட்டமே நடப்பவரின் மட்டம். வடிகாலைச் சரியாகக் கட்டாத இடத்தில் நடைபாதையும் இல்லை. நடைபாதை இல்லாத இடத்தில் மெட்ரோவை நம்பிப் போட்ட கார் கணக்கும் செல்லாது.

2024 அக்டோபர் 16

நேற்றும் முன்தினமும் வேளச்சேரி மேம்பாலத்தில் இருபுறமும் வரிசையாகக் கார்களை நிறுத்தி வைத்திருந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2015-ஐயும் 2023-ஐயும் கண்ட மக்கள், மழை எச்சரிக்கை வந்ததும் தங்கள் வண்டிகளை அந்தப் பகுதியிலேயே உயரமான இடத்திற்கு ஏற்றினார்கள். சாலையின் உயரம் எத்தனை முக்கியம் என்பதை அவர்கள் எந்த அறிக்கையையும் படிக்காமல் அறிந்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இதிலிருந்து பிறக்கிறது. மனை உயர்ந்து, 40 அடிச் சாலை தாழ்ந்தே இருந்தால், 700 குடும்பங்களும் காய்ந்த தீவில் இருப்பார்கள். மூச்சுத் திணறும் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல ஆம்புலன்ஸ் எந்த வழியில் வரும்? வெள்ள நாளிலும் திறந்திருக்கும் ஒரு வழியை, அதன் மட்டத்தைக் குறித்து, வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். சாலையை உயர்த்திவிடுகிறோம் என்று பதில் வந்தால் அவசரப்பட்டு மகிழாதீர்கள். உயர்த்திய சாலை ஓர் அணை. அதன் குறுக்கே போதிய சிறுபாலங்கள் இல்லாவிட்டால் உங்கள் தெருவின் தண்ணீர் அந்த அணைக்குப் பின்னால் நிற்கும். துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலை கழுவெளியின் குறுக்கே போவதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

2024 அக்டோபர் 20

சொந்த அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் தென்சென்னையில் ஓர் அடுக்ககத்திற்கு வடிகால் வடிவமைத்தேன். அடித்தள வண்டி நிறுத்தத்தின் சாய்தளம் தொடங்கும் மேடு, அன்றைய சாலையைவிட 30 சென்டிமீட்டர் உயரம். போதும் என்று நானே கையெழுத்திட்டேன். அதன் பிறகு அந்தச் சாலையில் பழைய தாரைச் சுரண்டாமலேயே அதன்மேல் மூன்று முறை புதிய அடுக்குப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் சில சென்டிமீட்டர். மூன்றாம் முறைக்குப் பிறகு மேட்டின் பாதுகாப்பு ஒரு கையகலம்தான் மிஞ்சியது. அடுத்த பெருமழையில் ஒரு பேருந்து அந்த நீரில் வேகமாகப் போனது. எழுந்த அலை மேட்டைத் தாண்டி அடித்தளத்திற்குள் இறங்கியது. மின்சாரப் பலகையும் நீர் ஏற்றும் மோட்டாரும் அங்கேதான் இருந்தன. இரண்டு நாள் வெளிச்சமில்லாமல், எட்டாம் மாடி வரை முதியவர்கள் படியேறினார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தேன். அந்த 30 சென்டிமீட்டர் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

சாலையைச் சுரண்டிய பிறகே புதிய அடுக்குப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். அது நடக்கும் தெருக்களும் இருக்கின்றன, நடக்காத தெருக்களும் இருக்கின்றன. ஆகவே இப்போது நான் சாய்தள மேட்டைச் சாலையிலிருந்து அளப்பதில்லை. 2015-இல் அந்த இடத்தில் நின்ற வெள்ளத்தின் கறையிலிருந்து அளக்கிறேன். மின்சாரப் பலகையை அடித்தளத்தில் வைக்க நான் சம்மதிப்பதே இல்லை.

2024 நவம்பர் 3

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இவற்றை எழுப்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு கூட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும் என்பது சரி. ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளிக்கிறது. விண்ணப்பமும் இணைப்புகளும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அவற்றைப் படித்துவிட்டு, மாநிலச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக் குழுவுக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சி.எம்.டி.ஏ.) நீர்வளத் துறைக்கும் எழுத்தில் அனுப்புங்கள். நிலப் பயன்பாடு மாற்றப்படுகிறது என்றால், நாளிதழ் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள். அந்தச் சில வாரங்களைத் தவறவிடாதீர்கள்.

அதோடு கிராம வரைபடத்தையும் அந்தச் சர்வே எண்களின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் வாங்குங்கள். மனையின் குறுக்கே வாய்க்கால் புறம்போக்கு ஒரு மெல்லிய கோடாக ஓடலாம். தரையில் அது தூர்ந்து காணாமல் போயிருக்கும், பதிவேட்டில் இருக்கும். அப்படி ஒன்று இருந்தால், மேலே நான் எழுதியவற்றில் பாதியை விட்டுவிட்டு முதலில் அதைப் பற்றி எழுதுங்கள்.

2024 டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து மூன்று நாட்களாகிவிட்டன. மனையில் கணுக்கால் அளவுக்கு நீர் நிற்கும் படங்களை அனுப்பியதற்கு நன்றி. அந்தப் படங்களில் ஒன்று எனக்கு மிகவும் பயன்படுகிறது: சுற்றுச்சுவர்த் தூணும் மின்கம்பமும் தண்ணீரும் ஒரே படத்தில் இருப்பது. அந்தத் தூணில் ஈரம் காய்வதற்குள் நீரின் விளிம்பில் ஒரு வண்ணக்கோடு இழுத்து, தேதியும் நேரமும் எழுதுங்கள். 2015-இல் நின்ற உயரம் அக்கம்பக்கத்தாருக்கு நினைவிருந்தால், குறைந்தது மூன்று வீடுகளில் தனித்தனியாகக் கேட்டு, மூவரும் காட்டும் இடத்தையும் குறியுங்கள். பிறகு தெருவினர் சேர்ந்து ஒரு நில அளவையாளரை ஒரு நாள் அழைத்து, அந்தக் கோடுகள், சாலையின் நடுப்பகுதி, வடிகாலின் அடிமட்டம், உங்கள் வீட்டு வாசற்படிகள், மனையின் நான்கு மூலைகள் ஆகியவற்றின் மட்டத்தை ஒரே குறியிலிருந்து எடுத்து ஒரே தாளில் எழுதி வாங்குங்கள்.

அந்தத் தாள் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். இரண்டு அறிக்கைகளின் எண்களையும் அதன் பக்கத்தில் எழுதி, எங்கே ஒத்துப்போகவில்லை என்பதைக் குறித்துத் தருகிறேன்.